பிறந்த வீட்டுக் கோடி

கோலாலம்பூருக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதுவரை முருகையா ஒருவரிடமும் வழி கேட்டதில்லை. செந்தூலில் ரயில் ஏறினால் எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்குவது, எந்தப் படிக்கட்டு எந்தத் தெருவில் கொண்டுபோய் விடும் என்பதையெல்லாம் தவறிப்போய், திரும்பி நடந்து, கால் கடுத்துத் தானாகவே கற்றுக்கொண்டார். முப்பத்தோரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த மனிதர், நடுத்தெருவில் நின்று எதிரே வருகிறவனிடமெல்லாம் இது எந்த இடம் என்று கேட்பதா?

கேமரன் மலையின் தென்கோடியில், ரிங்லெட்டுக்குக் கீழே, அவருடைய தோட்டம் இருந்தது. அப்பா கங்காணி, மகன் மண்டோர் என்று இரண்டு தலைமுறை பேர் சொல்லி வாழ்ந்த குடும்பம். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாத வீட்டை நிர்வாகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அவர் ஓய்வு பெற்ற பிறகும் மனைவி கொழுந்தெடுத்ததால் வீடு நிலைத்தது; அவள் இறந்த வருடம் அந்தக் கடிதம் வந்தது. இரண்டாவது கடிதம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. லயத்து வீட்டைக் கழுவித் துடைத்து, சாவியைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியின் மேசைமேல் வைத்துவிட்டு, மகன் மகேனின் காரில் ஏறிப் பட்டணத்துக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் மாடியில் இரண்டறை வீடு. மகேன் வாடகைக் கார் ஓட்டினான். மருமகள் குமுதா பேரங்காடி ஒன்றில் கல்லாவில் இருந்தாள். காலை ஏழு மணிக்கெல்லாம் இருவரும் போய்விடுவார்கள். ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும் முருகையா, பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கப் போகிறவர் போலக் குளித்து, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணக்கெடுக்கத்தான் ஆள் கிடையாது.

அதனால் உலாவுவதையே அவர் வேலையாகப் பிரித்து வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை செந்தூல் சந்தை. செவ்வாய் தித்திவங்சா ஏரிக்கரையை ஒரு சுற்று. புதன் மஸ்ஜிட் ஜாமெக் ஆற்றங்கரை. வியாழன் பிரிக்ஃபீல்ட்ஸ். வெள்ளி கோயில். கூட வருவதற்கு அல்போன்ஸ் இருந்தார். அதே தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். இப்போது அதே அடுக்குமாடியின் நாலாம் மாடியில் மகள் சோஃபியாவோடு இருந்தார். லயத்தில் முருகையாவின் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளிப் பிறந்து வளர்ந்தவர். வேதக்காரர்.

"மண்டோரே, இன்னைக்கு எந்த மலையில கொழுந்து?" என்று லிஃப்ட் வாசலில் தினமும் கேட்பார் அல்போன்ஸ்.

"நட, நட. லேட்டா வந்தா அரைப் பேருதான், அரை நாள் கூலி."

"ரெண்டு வருஷமா அரைப் பேரு போடுற. சம்பளத்த எப்பத்தான்யா கண்ணுல காட்டுவ?"

மஸ்ஜிட் ஜாமெக்கில் இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், சில நேரங்களில் குழாய் வழியாகப் புகைபோல நீர்த்துளியை விடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் படம் பிடிப்பார்கள். முதல்முறை பார்த்தபோது முருகையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பனியக் கூட மெஷின் வச்சு செய்றானுங்க பாரு," என்றார். அல்போன்ஸ் சிரித்தார். "நம்ம மலையில சும்மா கெடக்கும்போது நாம எங்க பாத்தோம்? முட்டி வலிக்குதுன்னுதானே திட்டினோம்!"

மலையில் முருகையாவுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் தங்கை அம்சவல்லி. கீழ் டிவிஷன் லயத்தில் மகன் தர்மாவோடு இருந்தாள். புருஷன் இறந்து பத்து வருடம். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகிவிட்டது.

அம்சவல்லியின் மகள் தவமலர் கல்யாணம்தான் காரணம். தாய்மாமன் முருகையா. அவர் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறக்கூடாது. அந்தக் கல்யாணத்துக்குத் தர்மா கைத்தொலைபேசியில் ஒரு பத்திரிகையை அனுப்பினான். பிள்ளையார் படம், மினுக்கும் எழுத்து, பின்னால் நாதஸ்வரம். வாசலில் வந்து நின்று, தட்டை நீட்டி, "மாமா, வரணும்" என்று சொல்ல ஒரு ஆள் வரவில்லை. இத்தனைக்கும் அப்போது முருகையாவும் மேல் டிவிஷனில்தான் இருந்தார். மோட்டாரில் வந்தால் பத்து நிமிடம். அவர் போகவில்லை. முகூர்த்தம் தப்பப்போகிறதென்று யாரோ ஒரு பங்காளி மாலையை எடுத்துக் கொடுத்தான். அன்று சாயங்காலம் அம்சவல்லி தொலைபேசியில் கூப்பிட்டாள். அழவில்லை. "அண்ணே, ஒனக்கு என்னைய விட ஒன் வாசப்படி பெருசாப் போச்சு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை அல்போன்ஸுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. முருகையா தனியாகத்தான் மஸ்ஜிட் ஜாமெக்குக்குப் போனார். ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. தர்மா என்று பெயர் தெரிந்தது. அடிக்கட்டும் என்று விட்டார். மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் செய்தி ஒன்று வந்து விழுந்தது. அதைக் கேட்க எங்கே அழுத்த வேண்டும் என்று அல்போன்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"மாமா, தர்மா பேசுறேன். அம்மா தவறிட்டாங்க மாமா. காலைல ஆறு மணிக்கு. தூக்கத்துலயே போய்ட்டாங்க. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறோம். வந்துருங்க மாமா."

பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. முருகையா செய்தியை இரண்டாம் முறை கேட்கவில்லை. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார். எதிரே பள்ளிவாசலின் வெள்ளைக் கோபுரமும், அதற்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்களும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். கோடி என்றால் புதுச்சேலை. குளிப்பாட்டிய உடம்பின்மேல் முதலில் விழுவது அண்ணன், தம்பி கொண்டுவந்த சேலையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் கொண்டுவரும் சேலைகள் அதற்குப் பிறகுதான். பிறந்த வீட்டுக்காரன் வந்து போடாமல் பாடையைத் தூக்க முடியாது. அதேபோல, பிறந்த வீட்டுக்குச் சாவுச் செய்தியை ஆள் விட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு பேர் மலை ஏறி நடந்தே வருவார்கள். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று சொல்வார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவார்கள். முருகையாவின் அப்பா அப்படி ஆள் வந்து சொல்லாத சாவு எதற்கும் கோடி தூக்கிக்கொண்டு போனதில்லை.

வாரத்துக்கு மூன்று தடவை திரிங்காப்பிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டி வருகிறவன் தர்மா. செலாயாங்கிலிருந்து செந்தூல் கூப்பிடு தூரம். இரண்டு வருடத்தில் ஒரு தடவை இந்த வீட்டு வாசலை மிதித்தானா? தாய் செத்ததற்கும் அதே தொலைபேசிதானா?

ஆள் வரட்டும் என்று முடிவு செய்தார் முருகையா. வருவான். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் எப்படித் தூக்குவார்கள்? யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டும்.

வரும்போது கையில் கோடி தயாராக இருக்க வேண்டுமல்லவா? எழுந்து மஸ்ஜிட் இந்தியா தெருவுக்கு நடந்தார். முதலில் கண்ணில் பட்ட துணிக்கடைக்குள் நுழைந்தார். விற்பனைக்கு நின்ற பெண், "வாங்க அங்கிள், யாருக்குச் சேலை? ஆன்ட்டிக்கா?" என்றாள்.

"என் தங்கச்சிக்கு."

"ஓ, பொறந்த நாளா? தங்கச்சிக்கு எந்தக் கலரு பிடிக்கும் அங்கிள்?"

முருகையாவுக்குத் தெரியவில்லை. அறுபத்துநாலு வருடத் தங்கை. எந்த நிறம் பிடிக்கும் என்று அவர் கேட்டதும் இல்லை. அவளாகச் சொன்னதும் இல்லை. அந்தப் பெண் வெள்ளையில் பூப்போட்ட ஒன்றை விரித்தாள். "வெள்ளை வேணாம்," என்றார் உடனே. விதவையானால் என்ன, கங்காணி வீட்டுப் பெண் வெறும் வெள்ளையில் போக மாட்டாள். கடைசியில் கரும்பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலையை எடுத்தார். விலையைக் குறைத்துக் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, கம்பிக் கதவுக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சேலைப் பொட்டலம் மடியில் இருந்தது. ஐந்தரைக்கு வந்த குமுதா, அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"எங்க மாமா, கெளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. ஆளு வருது."

"யாரு மாமா?"

"வரும்போது பாரு."

வருகிறவருக்கும் சேர்த்துத் தேநீர் போடுவோம் என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

ஆறு மணிக்குக் கம்பிக் கதவுக்கு வெளியே அல்போன்ஸ் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. மூச்சு வாங்கியது. "உள்ள வா," என்றார் முருகையா. அவர் உள்ளே வரவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே முருகையாவுக்கு விளங்கிவிட்டது.

"முருகையா, அம்சவல்லி தவறிட்டா. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறாங்க. பொறந்த வீட்டு ஆளு நீதான். வந்து கோடி போடணும்னு தர்மா சொல்லி அனுப்பிச்சிருக்கான்."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. குமுதா ஓடி வந்தாள். முருகையா அவள் பக்கம் திரும்பவில்லை.

"தர்மா எப்ப வந்தான்?"

"வரல. போன் பண்ணினான். நீ எடுக்கலையாம்."

"அப்ப நீ போன்ல கேட்டத எங்கிட்ட வந்து சொல்ற."

"யோவ், ஆளு வந்து சொல்லணும். அதானே ஒங்க மொற? ஆளு வந்திருக்கேன். கை காலெல்லாம் இருக்கு, எண்ணிப் பாத்துக்க."

"நாலாம் மாடியிலருந்து லிஃப்ட்டுல ஏறி வர்றவன் துட்டி சொல்ற ஆளா?"

"லிஃப்ட் ரோசாக்கு லா. எட்டு மாடி படியேறி வந்திருக்கேன், இந்த முட்டிய வச்சுக்கிட்டு."

அல்போன்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

"தர்மாவோட லோரி செலாயாங்ல நிக்குது. கூட்டாளி ஓட்டுறான். காயெல்லாம் எறக்கியாச்சு. முன்னால ரெண்டு பேரு உக்காரலாம். இப்பவே போனா பதினோரு மணிக்குள்ள அவ பக்கத்துல இருக்கலாம்யா. வா."

"பொறந்த வீட்டுக் கோடி முட்டைக்கோசு கூடையோட போகாது."

"கூடை காலி லா! நீ உக்காரப்போறது சீட்டுல!"

"அல்போன்சு, நீ வேற சாதி, வேற வேதம். ஒனக்கு இது புரியாது. அவன் வரட்டும். இல்ல, அவன் பங்காளி ஒருத்தன் அங்கருந்து வரட்டும். இந்த வாசல்ல நின்னு சொல்லட்டும். நான் அந்த நிமிஷமே எந்திரிக்கிறேன்."

அல்போன்ஸ் அவர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். "சேலைய வாங்கி வச்சுக்கிட்டா இப்படிப் பேசுற?" என்றார். "சாவுக்கு எவன்யா வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுவான்?"

குமுதா நீட்டிய தேநீரை அவர் வாங்கவில்லை. "வேணாம்மா. துட்டி சொல்ல வந்தவன் குடிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

எட்டு மணிக்கு மகேன் வந்தான். செய்தி அவனுக்கும் வந்திருந்தது; இரண்டு பயணிகளைப் பாதியில் விட முடியாமல் தாமதமாகிவிட்டது. "கெளம்புங்கப்பா," என்றான். அவர் அசையவில்லை. அவன் கெஞ்சினான், பிறகு கத்தினான். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"நீங்க வரலன்னா நான் போறேன். சேலையக் குடுங்க. நானும் பொறந்த வீடுதானே?"

"நான் உசுரோட இருக்கும்போது நீ கோடி போடுவியா? போடு. அப்புறம் எனக்கும் ஒண்ணு எடுத்து வச்சுக்க."

மகேன் கார்ச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு அறைக்குள் போனான். அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தப் பிள்ளையால் பேச முடியும்?

காலையில் முருகையா மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. லிஃப்ட் சரியாகியிருந்தது; அது திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், எரிவாயு உருளை தூக்கி வந்தவன், கூட்டுகிற வங்காளதேசத்துக்காரன். ஒன்பதே காலுக்கு எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வண்டிய எடு," என்றார்.

"தர்மா மச்சானுக்கு ஒரு வார்த்த சொல்லிர்றேன். வெயிட் பண்ணச் சொல்லி..."

"போன் போடக் கூடாது. என்மேல ஆணை. நாம இல்லாம எவன் தூக்குறான்னு பாக்குறேன்."

நெடுஞ்சாலையில் மகேனின் தொலைபேசி இரண்டு தடவை அடித்தது; அப்பாவின் ஆணைக்குப் பயந்து அவன் எடுக்கவில்லை. தாப்பா தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகு, முருகையாவுக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அம்சவல்லிக்குப் பதினாறு வயது. கொழுந்தெடுக்க வந்து இரண்டாம் மாதம். அவர் அப்போதுதான் மண்டோர் ஆகியிருந்தார். நிறுவைக்களத்தில் அவள் கூடையில் முற்றிய இலை நாலைந்து தென்பட்டது. மற்றப் பெண்களாக இருந்தால் திட்டிவிட்டு எடுத்துக்கொள்வார். தங்கை என்று பார்க்கிறான் என ஒருவன் சொல்லிவிடக் கூடாதே என்று, கூடையை அப்படியே எல்லார் முன்னிலையிலும் கொட்டினார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, இருட்டும்வரைக்கும் ஒவ்வொரு இலையாகப் பிரித்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறும் போட்டாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்," என்றார் முருகையா. மகேன் ஏற்கெனவே வளைவுகளில் சக்கரம் கிறீச்சிட ஓட்டிக்கொண்டிருந்தான்.

கீழ் டிவிஷன் லயத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றாகிப் பத்து நிமிடம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பிரிஞ்சாங்கிலிருந்து வந்த தப்புக்காரர்கள் கூடாரத்தின் ஓரத்தில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முருகையா பொட்டலத்தை இரு கைகளிலும் ஏந்தி, நிமிர்ந்து நடந்தார். கூட்டம் வழி விட்டது. அழுகை ஒரு கணம் நின்று, பிறகு பெரிதாக எழுந்தது.

அம்சவல்லியைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிதாகத் திருநீறு. உடம்பின்மேல் நீலச் சேலை ஒன்று கிடந்தது. தலைமாட்டில், இடுப்பில் துண்டோடு, அல்போன்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

முருகையா அந்த நீலத்தைப் பார்த்தார். அல்போன்ஸைப் பார்த்தார்.

தர்மா ஈரத்தலையோடு வந்தான். நாற்பது வயதுக்காரன், ஒரே நாளில் முகம் வற்றிப்போயிருந்தான். "பன்னெண்டரை வரைக்கும் பாத்தோம் மாமா," என்றான். "ரோட்டுக்கு ரெண்டு தடவ ஆளு போய்ப் பாத்துட்டு வந்துச்சு. ஒங்க போனு அடைச்சுக் கெடக்கு, மகேன் எடுக்கல. பொறந்த வீட்டு ஆளு யாருன்னு பெரியவங்க கேட்டாங்க. யாருமில்ல. அல்போன்ஸ் அங்கிள்தான், நான் அந்த லயத்துலதான் பொறந்தேன், அவ கையால சோறு தின்னவன், நான் போடுறேன்னாரு. போட்டுட்டாரு."

"எம் மொறைய ஒரு வேதக்காரன் செஞ்சிருக்கான்."

"செய்ய வேண்டியவங்க வரலையே மாமா." தர்மாவின் குரல் உயரவில்லை. "ராத்திரி ஒரு கண்ண மூடாம இருந்தேன். கார் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திரிச்சேன். அம்மா ஒங்களத்தான் கடைசி வரைக்கும்..." அவன் முடிக்காமல் நிறுத்திக்கொண்டான்.

லயத்திலேயே மூத்தவள் மாரியம்மா. அவள் பிணத்தின் பக்கத்திலிருந்து தரையில் கையூன்றி எழுந்து வந்தாள். "அண்ணே, குடுங்க அந்தச் சேலைய. இன்னும் நேரம் இருக்கு. மேல போட்டுரலாம். அவளுக்கு ரெண்டு சேலை பாரமாவா இருக்கப்போகுது?" என்று கை நீட்டினாள்.

"ரெண்டாவதாவா?"

"ஆமாண்ணே. என்ன இப்ப?"

"மொத சேலை பொறந்த வீட்டுது. அது விழுந்துருச்சு. ரெண்டாவது போடுறதுக்கு நான் யாரு? அசலூரா?"

அல்போன்ஸ் குனிந்து, நீலச் சேலையின் முந்தியைப் பற்றினார். "முருகையா, நான் இத எடுத்துர்றேன். நீ போடு. நான் போட்டதாவே இருக்க வேணாம்."

"விழுந்த கோடிய எடுக்கக் கூடாது," என்றார் முருகையா. குரல் பிசிறவில்லை. "மொறை தெரியாம எதையும் செய்யாத."

மகேன் அவர் முழங்கையைப் பிடித்தான். "அப்பா, போதும்பா. குடுங்க. அத்தை மொகத்தப் பாருங்க." அவர் அந்தக் கையை விலக்கினார். தங்கையின் முகத்தை நன்றாகத்தான் பார்த்தார். வாய் கட்டியிருந்த வெள்ளைத்துணி தாடையில் இறுகியிருந்தது. அவள் இப்போதும் எதுவும் கேட்கவில்லை. பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே கூட்டத்தைக் கடந்து, தேயிலைச் சரிவை ஒட்டிய மண்சாலைக்குப் போய் நின்றுவிட்டார்.

சாவு வீட்டில் வருகிறவரை யாரும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. போகிறவரை நிறுத்துவதும் இல்லை. அது முருகையாவுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் சாலையில் நின்றபடி லயத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு அடிக்கத் தொடங்கியது. இரண்டு மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். பிறந்த வீட்டுச் சேலை கையிலிருக்க, பிறந்த வீட்டுக்காரர் வெளியே நிற்க, தூக்கினார்கள். எதுவும் நிற்கவில்லை. மகேன் ஒரு பக்கம் தோள் கொடுத்திருந்தான். அவர்கள் அவரைக் கடந்து போனபோது, பின்னால் வந்த ஆண்களின் கடைசி வரிசைக்கும் பின்னால் அவர் நடந்தார்.

இடுகாடு தோட்டத்து எல்லையில், ஓடையைத் தாண்டி இருந்தது. மழையில் மண் வழுக்கியது. ஒரு தடவை சறுக்கி, கையூன்றி எழுந்தார். வேட்டியில் சேறு அப்பிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை.

குழிக்குள் இறக்கியாயிற்று. சடங்கை நடத்தியவன் சின்னக்கருப்பன். வேறு தோட்டத்திலிருந்து போன வருடம்தான் இங்கே வேலைக்கு வந்தவன். பழைய ஆட்களைத் தெரியாது. மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு, முறைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். தர்மா மூன்று பிடி மண் போட்டான். பங்காளிகள் போட்டார்கள். "பொறந்த வீட்டாளுங்க வாங்க," என்று சத்தமாகக் கூப்பிட்டான்.

மகேன் திரும்பி அப்பாவைத் தேடினான். அல்போன்ஸ் குழியருகே இருந்து நாலடி பின்னால் நகர்ந்து, வழி விட்டு நின்றார். அவர் கண் முருகையாமேல் இருந்தது. தர்மாவும் பார்த்தான். அவன் கையை லேசாக முன்னால் நீட்டியிருந்தான், வாங்க என்பது போல.

முருகையா அசையவில்லை. பிறந்த வீட்டு ஆள் என்று இப்போது முன்னால் போனால், கோடி போடாத பிறந்த வீடு எது என்று நாளைக்குக் கேட்பார்கள். கங்காணி வீடு என்பார்கள்.

சின்னக்கருப்பன் கூட்டத்தை நோட்டமிட்டான். வேட்டியில் சேறோடு தனியாக நின்ற பெரியவர் கண்ணில் பட்டார். அருகில் வந்து மரியாதையாகக் கேட்டான்.

"பெரியவரே, நீங்க என்ன மொற வேணும் அவங்களுக்கு?"

தூறல் அவர் நெற்றித் திருநீற்றைக் கரைத்து மூக்கோரம் இறக்கியது. தர்மா கேட்டுக்கொண்டு நின்றான்.

"மொற ஒண்ணும் இல்ல," என்றார் முருகையா. "தெரிஞ்சவங்கதான். கே.எல்.லருந்து வந்திருக்கேன்."

"சரிங்க. அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சொந்தக்காரங்க போட்டு முடிச்சிரட்டும்."

முருகையா தள்ளி நின்றார்.